கொடுங்கையூர் வீடு ஒன்றின் வரவு செலவு: 2025 ஆகஸ்ட் முதல் 2026 ஜனவரி வரை

கொடுங்கையூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஐந்து பேர் குடும்பம் இது. இரண்டே மாதத்தில் வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள், அதில் எது கை கொடுத்தது, எது கை கொடுக்கவில்லை என்பதை எழுதுகிறேன். நான் அந்தப் பகுதியில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். அக்டோபர் நடுவில்தான் இந்த வீட்டுக் கணக்கு என்னிடம் வந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், தெரு, வேலை பார்க்கும் இடம் எதுவும் இதில் இருக்காது.

பணம் குறைந்ததும் இவர்கள் முதலில் குறைத்தது சாப்பாடு. கடைசி வரை தொடாமல் விட்டது கடன் தவணை. நான் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலும் இதே வரிசைதான். தவணை கட்டாவிட்டால் வாசலில் ஆள் வந்து நிற்பான். பால் வாங்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டதுதான் இந்த வீட்டில் நடந்த பெரிய காரியம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

வருமானம் எப்படிக் குறைந்தது

கணவரை அண்ணன் என்றும் மனைவியை அக்கா என்றும் எழுதுகிறேன். அண்ணனுக்கு வயது 44. மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் லோடுமேன். நாள் கூலி 650 ரூபாய், சனிக்கிழமை வாரச் சம்பளம். அக்கா ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் டெய்லர். மாதச் சம்பளம், ஏழாம் தேதி கையில் வரும். அண்ணனின் அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மகள் மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் பக்கத்துத் தனியார் பள்ளியில் ஏழாவது.

ஜூலை மாதம் அண்ணனுக்கு 24 நாள் வேலை இருந்தது, 15,600 ரூபாய். அக்காவுக்குப் பிடித்தம் போக 10,500, ஓவர்டைம் 2,400. மொத்தம் 28,500.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானது. அக்கா தைக்கிற சட்டைகளில் பெரும்பகுதி அந்த நாட்டுக்குப் போகிறவை. செப்டம்பரில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் சனிக்கிழமை வேலையும் நின்றது. யார்டில் அதற்கும் முன்பே, ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே, ஏற்றுமதிச் சரக்கு குறைய ஆரம்பித்திருந்தது. மாதம் 16 நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்று ஆனது. அக்டோபர் கணக்கு: அக்கா 9,200, அண்ணன் 10,400, ஆக 19,600.

ஜூலையில் இந்த வீட்டுச் செலவு 27,680 ரூபாய். வாடகை 5,500, கரண்ட் 1,080, கேன் தண்ணீர் 350, கேஸ் 650 (சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு, நாற்பது நாள் வரும்), பால் 1,800, மளிகை 3,000, காய்கறி 1,800, ஞாயிற்றுக்கிழமை கறி மீன் 1,400, மகன் பள்ளிக் கட்டணம் 1,500, மகளின் டியூஷன் 600, போன் ரீசார்ஜ் 600, கேபிள் 200, அம்மாவின் மாத்திரை 700, பெட்ரோல் 1,200, அண்ணனின் கைச்செலவு 1,500, தீபாவளிச் சீட்டு 1,000, குழு லோன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கும் கடன்) 3,200, ஃபிரிட்ஜ் தவணை 1,600. வரவுக்கும் செலவுக்கும் இடையே 820 ரூபாய்தான் மிச்சம். அதுவும் யார் வீட்டிலாவது கல்யாணம், காதுகுத்து என்றால் போய்விடும்.

இந்தச் செலவில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. வடசென்னையில் இரண்டு பேர் உழைத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எந்த வீட்டிலும் கணக்கு இப்படித்தான் இருக்கும். வருமானம் குறைந்த வீட்டைப் பார்த்து ‘சிக்கனமா இருக்கக் கூடாதா’ என்று கேட்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம்

வாடகை ஐந்தாம் தேதி. அக்காவின் சம்பளம் ஏழாம் தேதி. இரண்டு நாள் இடைவெளியை எப்போதும் அண்ணனின் வாரக்கூலிதான் அடைத்து வந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அவருக்கு மூன்று நாள்தான் வேலை. செப்டம்பர் 5 அன்று வாடகைக்குப் பணம் போதவில்லை. அன்று சாயங்காலமே தண்டல் வாங்கினார்கள்.

தண்டல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் தருவது 8,500. தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘நாளைக்கு நூறு ரூபாதானே’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நாம் உண்மையில் அனுபவிக்கிற பணம் சராசரியாக 4,000 சொச்சம்தான். அதற்கு மூன்று மாதம் பத்து நாளில் 1,500 ரூபாய் வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 120 சதவீதத்துக்கு மேல் போகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தண்டல்காரர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் வருவது நிற்கவில்லை, ஏனென்றால் ஐந்தாம் தேதி சாயங்காலம் 5,500 ரூபாய் தர வேறு யாரும் இல்லை.

இப்போது மாதத் தவணைகள்: குழு லோன் 3,200, ஃபிரிட்ஜ் 1,600, தண்டல் 3,000. மொத்தம் 7,800. அக்டோபர் வருமானத்தில் இது 40 சதவீதம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வைத்த விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த வீடு அந்த எல்லைக்குள்தான் இருந்தது. சாப்பாடு மட்டும் பாதியானது.

பால், மளிகை, காய்கறி, கறிமீன் எல்லாம் சேர்த்து ஜூலையில் 8,000. செப்டம்பர் கடைசியில் அது 3,900. ஒரு லிட்டர் பால் அரை லிட்டராகி, அதுவும் டீக்கு மட்டும் என்றானது. முட்டை நின்றது. சாம்பார் வாரத்தில் இரண்டு நாள், மற்ற நாளெல்லாம் ரசம், புளிக்குழம்பு. மகளின் டியூஷனை நிறுத்தினார்கள். அவள் காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் டூ பிள்ளைக்குப் பள்ளியில் மதிய உணவும் இல்லை. அதோடு மகனின் பள்ளிக்கு ஒரு மாதக் கட்டணம் பாக்கி, மளிகைக் கடையில் பற்று 2,300.

தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன் வீட்டில் இரண்டு யோசனை ஓடின. ஒன்று, இன்னொரு தண்டல், இந்த முறை 20,000. இரண்டாவது, மகளைப் படிப்புக்கு நடுவே எம்.சி.ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளி விற்பனை முடியும் வரை வேலைக்கு அனுப்புவது. அக்கா என்னிடம் வந்தது இந்த இரண்டுக்காகவும் இல்லை. குழு லோனில் ‘டாப்-அப்’, அதாவது இருக்கிற கடன் மேலேயே இன்னும் கடன், தருவதாகக் கம்பெனி ஆள் சொல்லியிருந்தார். எடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினோம். பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது அதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்த பாட்டி, அண்ணனின் அம்மா, வாயைத் திறந்தார். அவருடைய கணவர் பின்னி மில் தொழிலாளி. 1996-ல் மில் மூடியபோது வீட்டில் மூன்று பிள்ளைகள். “மில்லு மூடுனப்போ என் தாலியில இருந்த குண்டுமணியக் கூட வித்தேன். பசங்க வயித்துல கை வைக்கல, இஸ்கூல்லருந்து நிறுத்தல. நீங்க இன்னாடான்னா தண்டல்காரனுக்குக் கரீட்டா கட்டிட்டு புள்ளைய பட்டினி போடுறீங்க” என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்தவர், மேலே அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த அடகுச் சீட்டை எடுத்துக் கொண்டுவந்து பாயில் வைத்தார். அக்காவுக்கே அந்தச் சீட்டு நினைவில் மங்கிப் போயிருந்தது.

அடகுச் சீட்டு

2024 மார்ச் 20 தேதியிட்ட சீட்டு. இரண்டு சவரன் சங்கிலி, 40,000 ரூபாய், வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வைத்ததிலிருந்து வட்டி கட்டவே இல்லை. மாதம் 800 ரூபாய் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுச் செலவுக் கணக்கில் இது வரவே இல்லை, காரணம் யாரும் வந்து கேட்கவில்லை.

அடகு வைத்த காலத்தில் இருந்த தங்க விலை வேறு, இப்போது இருப்பது வேறு. 2025 அக்டோபரில் ஒரு சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. இந்த விலையேற்றம் தாலிக்குக் குண்டுமணி வாங்க நினைப்பவர்களுக்குப் பெரிய கொடுமை. ஆனால் ஏற்கெனவே வைத்திருக்கிற நகைக்கு, வங்கியில் அதிகக் கடன் குறைந்த வட்டியில் கிடைக்கும். அக்காவுக்கு அந்த வழி திறந்திருந்தது.

நாங்கள் போட்ட கணக்கு இது. அடகுக் கடையில் மீட்க அசல் 40,000, பத்தொன்பது மாத வட்டி 15,200, ஆக 55,200. தண்டலில் நாற்பது நாள் கட்டியாகிவிட்டது, மீதி 6,000. குழு லோனில் பாக்கி 22,000. அட்டையில் ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. மூன்றும் சேர்ந்து 83,200. சங்கிலியை மீட்டு வங்கியில் 95,000-க்கு வைத்தால், 9.5 சதவீத வட்டியில் மாதம் 752 ரூபாய். அடகுக் கடையில் 40,000-க்கு ஏறிய வட்டியே 800.

சிக்கல் ஒன்றுதான். சங்கிலி கையில் இருந்தால்தான் வங்கி பணம் தரும்; பணம் இருந்தால்தான் சங்கிலி கைக்கு வரும். நிறைய குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. இங்கே அக்காவின் தம்பி உதவினார். எண்ணூரில் இருக்கிறார், அந்த மாதம்தான் சீட்டுப் பணம் எடுத்திருந்தார். காலையில் கொடுத்து மத்தியானம் வாங்கிக்கொள்ளும் பேச்சில் 55,200-ஐ ரொக்கமாகக் கொண்டுவந்தார். இந்த உதவி இல்லையென்றால், அடகுக் கடைக்கே ஆளை அனுப்பி மீட்டு எடுத்துக்கொள்ளும் தனியார் நகைக்கடன் கம்பெனிகள்தான் வழி. அங்கே வட்டி கூடுதலாக இருக்கும். ஆனாலும் தண்டலைவிட எவ்வளவோ மேல்.

அடகுக் கடையில் நானும் கூட இருந்தேன். கடைக்காரர் நல்லபடியாகவே பேசினார். பதினெட்டு மாதம், இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. தொடங்கிய மாதம் முழு மாதக் கணக்கு என்று பத்தொன்பது மாத வட்டி எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து சின்னப் பை வந்தது. சீட்டு எண்ணும் பையின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். சங்கிலியைத் தராசில் போட்டு, சீட்டில் எழுதிய எடையோடு ஒப்பிட்ட பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தார் அக்கா. இதை யாரும் அவசரத்தில் விடக் கூடாது. அசல் சீட்டில் ‘பைசல்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

அங்கிருந்து நேராக வங்கிக்கு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கொக்கியில் ஒட்டியிருந்த அரக்கையும் அழுக்கையும் கழித்து, நிகர எடை 15.4 கிராம் என்று எழுதினார். அந்த எடைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேலேயே தர முடியும் என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த இடத்தில் அக்கா காட்டிய உறுதியைப் பாராட்டியே ஆக வேண்டும். “தொண்ணூத்தஞ்சு போதும் சார்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூடக் கிடைக்கிறது என்று வாங்கியிருந்தால், அது தீபாவளியோடு போயிருக்கும். வட்டி மட்டும் நின்றிருக்கும்.

தம்பிக்குப் பணம் திரும்பியது. தண்டல் அன்று சாயங்காலமே முடிந்தது. அறுபது நாள் முன்னதாகக் கட்டியதற்கு ஒரு ரூபாய் கூடத் தள்ளுபடி இல்லை. அட்டையை மட்டும் தண்டல்காரர் கிழித்துக் கொடுத்தார். பள்ளிக்கு 1,500, மளிகைக் கடைக்கு 2,300, வங்கிச் செலவு 500 போக மிச்சம் 7,500. அதை அக்கா தன் பெயரில் இருக்கும் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டார். போனில் ஜிபே இல்லாத கணக்கு என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம்.

குழு லோனை முடித்தது இவ்வளவு லேசாக நடக்கவில்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதனால் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மற்றப் பெண்கள் கோபப்பட்டார்கள். ஒருவர் விலகினால் அடுத்த சுற்றுக் கடன் கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. ‘உனக்கு முடிஞ்சிடுச்சு, எங்கள விட்டுட்டுப் போற’ என்று ஒருவர் அழுதார். அவர்கள் எல்லோரும் அதே தெருப் பெண்கள். ஒருவர் கட்ட முடியாத வாரத்தில் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கடனிலிருந்து வெளியே வருவது அக்கம்பக்க உறவையும் தொடுகிற விஷயம் என்பதை வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அக்கா அந்தக் கூட்டங்களுக்கு இன்னும் போகிறார், கடன் வாங்காமல். வசூலுக்கு வருபவர் மிரட்டினால் என்ன செய்யலாம் என்று கேட்ட இரண்டு பேரிடம், கடனுக்காக மிரட்டுவதைத் தண்டிக்க 2025-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி நான் சொன்னேன். அந்தச் சட்டம் அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தவணைகள் 7,800-லிருந்து, வட்டி 752, ஃபிரிட்ஜ் 1,600 என்று 2,352-க்கு வந்தன. அதன் பிறகுதான் மற்றச் செலவுகளைப் பார்க்க உட்கார்ந்தோம்.

போனில் இருந்த கணக்கு

நோட்டில் எழுதச் சொன்னால் முதல் வாரம் எழுதுவார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். ஆனால் போனில் எல்லாம் பதிந்திருக்கிறது. அண்ணனின் போனில் செப்டம்பர் மாத ஜிபே வரலாற்றை மகள்தான் படித்துச் சொல்ல, அக்கா எழுதினார். 12, 30, 15, 45, 20 என்று டீக்கடை, பெட்டிக்கடை. 10 ரூபாய்க்கும் 50 ரூபாய்க்கும் இடைப்பட்டவை மட்டும் ஒரு பக்கம் நிறைந்தன. கூட்டினால் 2,140. அவர் 1,500 என்று நினைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, கை நீட்டிக் காசு கொடுத்தால் தெரிகிற கணக்கு, ஸ்கேன் பண்ணும்போது தெரிவதில்லை.

அதில் என்னென்ன என்று நான் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அவரே, “வாரத்துக்கு 250 கைல குடு, மிச்சத்த நீ வெச்சுக்க, போன்ல இருந்து நான் எடுக்கல” என்றார். மூட்டை தூக்குகிறவருக்கு டீயும் பன்னும் ஆடம்பரம் இல்லை. அவர் சொன்ன தொகையையே வைத்துக்கொண்டோம்.

வாடகைத் தேதியை ஐந்திலிருந்து பத்துக்கு மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்டதில் உடனே சம்மதித்தார். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த மாற்றம்தான் செப்டம்பரில் தண்டல் வாங்க வைத்த காரணத்தை வேரோடு எடுத்தது. வாடகை வீட்டில் இருக்கும் எல்லோரும் சம்பளத் தேதியையும் வாடகைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. இந்த வீட்டில் மூன்று போர்ஷனுக்கும் ஒரே மின் இணைப்பு. உள்ளே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஓடும், 2,160 ரூபாய். தனி இணைப்பு இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதைய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் 35 காசு, மீதி 40-க்கு 4 ரூபாய் 70 காசு. மொத்தம் 423 ரூபாய். அரசு எல்லா வீட்டுக்கும் தருகிற சலுகை, சப்-மீட்டரில் இருக்கிற வாடகைக்காரருக்கு வந்து சேர்வதே இல்லை. இதைப் பற்றி இந்த ஊரில் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது. மூன்று போர்ஷனும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிடுவதால், அந்த 2 ரூபாய் 35 காசு விலையும் போய், மேல் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய் 40 காசு, 9 ரூபாய் 45 காசு என்று அவர் கட்டுகிறார். ஆனாலும் அவருடைய பில்லில் 700 யூனிட்டுக்கு 3,825 ரூபாய்தான், சராசரியாக யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய். அண்ணனுக்கு இதைப் பேசவே விருப்பமில்லை. காலி பண்ணச் சொல்லிவிட்டால் அட்வான்ஸுக்கு எங்கே போவது என்ற பயம். அக்கா பில் தொகையை எழுதிக் காட்டித் தன்மையாகக் கேட்டார். வீட்டுக்காரர் யூனிட் 7 ரூபாய் என்று இறங்கி வந்தார். மாதம் 240 ரூபாய் மிச்சம்.

அடுப்படி

சாப்பாட்டுச் செலவை 3,900-லிருந்து 6,300-க்கு ஏற்றினோம். செலவைக் கூட்டுவது திட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பால்: அப்போது ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60, நீலம் 40. பிள்ளைகள் குடிக்க அரை லிட்டர் ஆரஞ்சு, டீக்கு அரை லிட்டர் நீலம் என்று பிரித்ததில் நாளுக்கு 50. ஜூலையில் குடித்த அதே அளவு, மாதம் 300 குறைவு.

ரேஷன் அரிசியை இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் வாங்குவதே இல்லை. பாட்டி அதைக் கையில் எடுத்தார். ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி மாவுக்கு ஒதுக்கினார். வாரம் மூன்று நாள் மாவு, பாக்கெட் மாவு வாங்குவது நின்றது. சோற்றுக்குக் கடை அரிசியே. நல்ல சோறு சாப்பிடும் ஆசையை ஏழைகள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இட்லியில் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று ரேஷனில் தருவதைத் தவறவிடாமல் வாங்குவதுதான் பெரிய மிச்சம். கடையில் பருப்பே 100-க்கு மேல். அக்கா வேலைக்குப் போய்விடுவதால் இத்தனை நாள் பருப்பும் எண்ணெயும் வந்த நாளில் வாங்க ஆளில்லாமல் போனது. பாட்டி போனால் கைரேகை மெஷினில் விழவில்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்திருந்தது. இரண்டு முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறை கண் கருவிழிப் பதிவில் கிடைத்தது. அன்றிலிருந்து ரேஷன் கடை அவர் பொறுப்பு.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடசென்னை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லையென்றால் வீடு வீடாக இருக்காது. வஞ்சிரம், வவ்வால் விட்டாகிவிட்டது. விடியற்காலை காசிமேட்டில் கூறு கட்டி விற்கும் காரப்பொடியையும் நெத்திலியையும் மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும், அப்போது இந்த விலைக்குக் கிடைக்காது, கருவாடுதான். அட்டை முட்டை மாதம் ஒன்று திரும்பவும் வந்தது, மகளுக்குக் காலையில் ஒன்று கட்டாயம். டியூஷனும் மறுபடி தொடங்கியது.

பாட்டியின் மாத்திரைக்கு மாதம் 700 போய்க்கொண்டிருந்தது. வியாசர்பாடியில் இருந்தபோது அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்தது. வீடு மாறியதும் நின்றுபோயிருந்தது. புது இடத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்ததும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கிடைத்தது. மூட்டுவலித் தைலம் மட்டும் வெளியில், 150.

கேபிளை நிறுத்தினார்கள். இரண்டு போன்களில் ஒன்றுக்குச் சின்ன ரீசார்ஜ் போட்டார்கள். தீபாவளிச் சீட்டு முடிந்தது, புதிதாகச் சேரவில்லை. செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததில் இந்த வீட்டுக்கு மிஞ்சியது மாதம் சில பத்து ரூபாய்.

மகனின் பள்ளியை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. வருடத்தின் நடுவில் வேண்டாம் என்று நான் கறாராகச் சொன்னேன். 1,500 ரூபாய்க்காக ஒரு பையனை நவம்பரில் புது வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது சரியில்லை. மகளை எம்.சி.ரோட்டுக்கு அனுப்பும் பேச்சு பாட்டி பேசிய அன்றே முடிந்துவிட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். தீபாவளிக் கூலிக்காக அந்தப் படிப்பைக் கெடுத்திருந்தால் நஷ்டக் கணக்கு பல வருடத்துக்கு நீளும்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி

இத்தனைக்குப் பிறகும் நவம்பர் கணக்கு நேராகவில்லை. வரவு 19,600, செலவு 20,600. ஆயிரம் ரூபாய் துண்டு. தபால் ஆபீஸ் பணத்திலிருந்து எடுத்தார்கள், 6,500 மிச்சம்.

டிசம்பர் முதல் வாரம் டித்வா புயல் மழை. யார்டில் நான்கு நாள் வேலை இல்லை, 2,600 போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். போன வருடம் இப்படி ஒரு வாரத்தில் எங்கே கை நீட்டினார்கள் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். தண்டல்காரர் தண்ணீர் வடிந்த மறுநாளே வந்து கேட்டுவிட்டுப் போனார், வேண்டுமா என்று. வேண்டாம் என்று பாட்டி சொன்னாராம்.

குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு அக்கா 2023-ல் போட்ட மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது இவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள். வருமானம் குறைந்ததும் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்ற அரசு முகாமில் மறுபடி மனு கொடுத்தார். டிசம்பரில் இரண்டாம் கட்டமாகச் சேர்த்தவர்களில் அவர் பெயரும் வந்து, 1,000 ரூபாய் கணக்கில் ஏறியது. நவம்பரில் விழுந்த துண்டும் இந்தத் தொகையும் ஏறக்குறைய ஒன்று. வேலை குறைந்த வீடுகள் பழைய நிராகரிப்பை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்காமல் இருந்துவிடுகின்றன. நிலைமை மாறினால் தகுதியும் மாறும்.

ஜனவரி 1 அன்று கையிருப்பு 3,900. ஃபிரிட்ஜ் தவணை ஜனவரியோடு முடிகிறது. பிப்ரவரியிலிருந்து அந்த 1,600-ஐ நகைக்கடன் அசலில் கட்டுவதாக முடிவு. அக்டோபர் வரை கட்டினாலும் 80,000 சொச்சம் பாக்கி நிற்கும். வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை மகள் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள், கூடவே ஒரு மாதம் முன்பே வங்கிக்குப் போய்க் கேட்க வேண்டும் என்றும்.

அக்காவின் கம்பெனியில் ஓவர்டைம் இன்னும் வரவில்லை. உள்ளூர் பிராண்டுகளுக்குத் தைக்கிற மாதவரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் மாதம் 800 கூடுதலாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கிறார். அங்கே பி.எஃப்., இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அது இல்லையென்றால் 800-க்காக மாறக் கூடாது. அண்ணன், யார்டில் வேலை இல்லாத நாட்களில் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் கேட்டுப் பார்க்கிறார்; ஜனவரியில் மூன்று நாள் கிடைத்தது. மகனின் பள்ளி பற்றி மே மாதம் உட்கார்ந்து பேசுவதாகப் பேச்சு.